முன்னாள் படைவீரரை மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்வது எப்படி: அமெரிக்காவில் வாழும் குடும்பங்களுக்கு

அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய ஒருவர் இறந்துவிட்டால், அவருக்கு உரிய மரியாதைகளை எல்லாம் அரசே தேடி வந்து செய்துவிடும் என்று பல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. அது உண்மையன்று. அடக்கம் செய்ய இடம், பெயர் பொறித்த கல், சவப்பெட்டியின் மேல் விரிக்கும் கொடி, எக்காள இசை ஆகிய அனைத்துக்கும் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் குடும்பத்தின் சார்பில் யாராவது ஒருவர் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பவர் கையில் ஒரு காகிதமும் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் படைவீரர் உயிரோடு இருக்கும்போதே தேடி எடுத்து வைத்துவிட்டால் மற்ற வேலைகள் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதலில், எந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆர்லிங்டன் தேசியக் கல்லறை ராணுவத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அங்கே இடம் பெறுவதற்கான விதிகள் மிகக் கடுமையானவை. நாடெங்கும் உள்ள 150-க்கும் மேற்பட்ட தேசியக் கல்லறைத் தோட்டங்களை முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, அதாவது எல்லோரும் 'விஏ' என்று சொல்லும் மத்திய அரசுத் துறை, நடத்துகிறது. உள்நாட்டுப் போரின்போது 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி, 1973-இல் ராணுவத்திடமிருந்து இந்தத் துறைக்கு மாற்றப்பட்டது. மூன்றாவது வகையே மாநில அரசுகள் நடத்துபவை. 1978-இல் உருவாக்கப்பட்ட மானியத் திட்டத்தின்கீழ் மாநிலம் நிலத்தைத் தருகிறது. கட்டுமானச் செலவை முழுவதுமாகக்கூட மத்திய அரசு ஏற்கிறது. கட்டி முடித்த பின் அன்றாட நிர்வாகமும் பராமரிப்பும் மாநிலத்தின் பொறுப்பாகின்றன. பழங்குடி அரசுகளும் இதே திட்டத்தில் கல்லறைத் தோட்டங்களை அமைத்திருக்கின்றன.

இந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தூரம் சொல்லிவிடும். ஒரு முன்னாள் படைவீரரின் வீட்டிலிருந்து 75 மைலுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு வைத்திருக்கும் குறிக்கோள். தேசியக் கல்லறைகளை மட்டும் கொண்டு அதை எட்ட முடியாத இடங்களை மாநிலக் கல்லறைகள் நிரப்புகின்றன. டெக்சஸில் கில்லீன், மிஷன், அபிலீன், கார்ப்பஸ் கிறிஸ்டி முதலிய ஊர்களில் இவை உள்ளன. மேரிலாந்தில் ஐந்து உள்ளன. நியூ ஜெர்சியில் ரைட்ஸ்டவுன் அருகே உள்ள டாயில் நினைவுக் கல்லறை, நாட்டிலேயே அதிக அடக்கங்கள் நடக்கும் மாநிலக் கல்லறைகளுள் ஒன்று. கலிபோர்னியாவில் ஐகோ, சீசைடு ஆகிய ஊர்களிலும், வட கரோலினாவில் ஸ்பிரிங் லேக், பிளாக் மவுன்டன் முதலிய ஊர்களிலும் இருக்கின்றன. பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்டின் நகரில் உள்ள 'டெக்சஸ் மாநிலக் கல்லறை' என்பது மாநிலத்தின் தலைவர்களுக்கும் புகழ்பெற்றோருக்கும் உரியது. படைவீரர்களுக்கான தோட்டங்கள் வேறு.

யாருக்கு இடம் உண்டு

மாநிலக் கல்லறைகள் பெரும்பாலும் மத்திய அரசின் தகுதி விதிகளையே பின்பற்றுகின்றன. முழுநேரப் படைப்பணியில் இருந்து, 'டிஸ்ஆனரபிள்' எனப்படும் அவமதிப்பு நீக்கம் அல்லாத வகையில் விடுவிக்கப்பட்டவர் தகுதியுடையவர். 1980 செப்டம்பர் 7-க்குப் பிறகு வீரராகச் சேர்ந்தவர், சில விலக்குகள் நீங்கலாக, தொடர்ந்து 24 மாதங்களாவது அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதுமாவது பணியாற்றியிருக்க வேண்டும். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கும், 20 ஆண்டுகள் நிறைவு செய்து ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்ற தேசியக் காவல் படையினருக்கும் ரிசர்வ் படையினருக்கும் இடம் உண்டு. அந்த 20 ஆண்டுகளை எட்டாத காவல் படையினரையும் ரிசர்வ் படையினரையும் மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம், அதனால் மானியம் பறிபோகாது என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே மத்திய விதிப்படி தகுதி இல்லை என்று ஒருமுறை கேள்விப்பட்டவர்கள், தங்கள் மாநிலத்தில் மீண்டும் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதி வசிப்பிடம் பற்றியது. சில மாநிலங்கள் எந்த மாநிலத்து வீரரையும் ஏற்கின்றன. சில, இறக்கும்போதோ படையில் சேரும்போதோ அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளைகளோடு இருப்பதற்காக முதுமையில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

கணவருக்கோ மனைவிக்கோ இடம் உண்டு என்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். படைவீரருக்கு முன்பாகவே துணைவர் இறந்தாலும் அவரை அங்கே அடக்கம் செய்யலாம். பின்னர் படைவீரரும் அதே இடத்தில் சேர்க்கப்படுவார். மணவிலக்குப் பெற்றவருக்கு இந்த உரிமை இல்லை. திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், முழுநேர மாணவராயின் 23 வயது வரையிலும், அந்த வயதுக்கு முன்பே நிரந்தர ஊனமுற்றுத் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள இயலாத வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடம் தரப்படுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்த பிள்ளைகள் ஒருபுறம் இருக்க, 2009-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட 'மாவ்னி' திட்டத்தின்கீழ், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் சட்டப்படி வசித்தவர்களும் மொழியறிவுக்காகப் படையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்கள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். அவர்களும் அவர்களை மணந்தவர்களும் கீழே சொல்வதை இன்றே செய்து வைக்கலாம்.

டிடி 214 என்னும் காகிதம்

படையிலிருந்து விடுவிக்கப்படும் நாளில் தரப்படும் பணிவிடுப்புச் சான்றின் பெயர் டிடி 214. இது 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பணியாற்றியவர்களிடம் வேறு படிவங்கள் இருக்கும், அவையும் செல்லும். இந்தச் சான்றில் கல்லறை அலுவலகம் முதலில் பார்ப்பது, பணியின் தன்மை எத்தகையது என்று குறிக்கும் கட்டத்தைத்தான். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சான்று பல படிகளாக, அதாவது நகல்களாக, தரப்படுகிறது. 'மெம்பர்-1' என்ற படியில் அந்தக் கட்டமே இருக்காது, 'மெம்பர்-4' என்ற படியில் இருக்கும். நான் அறிந்த ஒரு குடும்பத்தினர் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றை நம்பிக்கையோடு கழற்றி எடுத்துச் சென்றார்கள். அது முதல் படி. முழுப் படி வந்து சேரும் வரை உடல் குளிர்ப்பேழையில் காத்திருந்தது. அந்த நான்கு நாள்களில் அந்த வீட்டு அம்மாள் ஒருவேளைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் படி என்பதை, தயவுசெய்து, இன்றே பாருங்கள்.

வீட்டில் இல்லையென்றால் முதலில் கவுன்டி பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஊர் திரும்பியதும் தம் சான்றை அங்கே பதிந்து வைத்தவர்கள் பலர். அங்கும் இல்லையென்றால் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்திலோ இணையத்திலோ கோரிக்கை அனுப்ப வேண்டும். இறுதிச் சடங்குக்காகத் தேவைப்படுகிறது என்று குறிப்பிட்டால் அவசரக் கோரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மையத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அழிந்துபோயின. 1912 நவம்பர் முதல் 1959 இறுதி வரை விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் ஆவணங்களில் ஏறத்தாழ 80 சதவீதமும், 1947 செப்டம்பர் 25 முதல் 1963 இறுதி வரை விடுவிக்கப்பட்ட விமானப் படையினரில், பெயர் வரிசையில் 'ஹப்பர்டு' என்பதற்குப் பின் வருவோரின் ஆவணங்களில் ஏறத்தாழ 75 சதவீதமும் எரிந்தன. மிகவும் முதியவர்களின் குடும்பங்களுக்கு 'ஆவணம் இல்லை' என்ற பதில் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்தப் பதிலோடு நின்றுவிட வேண்டாம். சம்பளப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள் முதலியவற்றைக் கொண்டு பணியை மீண்டும் நிறுவ வழி இருக்கிறது. சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால்தான் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்கிறேன்.

பெயரையும் சரிபாருங்கள். தலைப்பெழுத்தோடு தந்தை பெயரை வைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்குப் படைச் சான்றில் ஒரு வரிசையும், திருமணச் சான்றில் வேறொரு வரிசையும், குடியுரிமைச் சான்றில் மூன்றாவது எழுத்துக்கூட்டலும் இருப்பது சாதாரணம். அந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று காட்டும் சான்றையும் டிடி 214 உள்ள உறையிலேயே வைத்துவிடுங்கள். அந்த உறையைப் படைவீரர் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் அதைத் திறக்க யாராலும் முடியாது.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய பதிவு

தகுதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வசதி உண்டு. தேசியக் கல்லறைகளுக்கு விஏ-யின் 40-10007 படிவம். மாநிலக் கல்லறைகள் தமக்கென்று தனி விண்ணப்பம் வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த உறுதி, குறிப்பிட்ட குழியையோ அஸ்தி மாடத்தையோ ஒதுக்கி வைப்பதன்று. நேரம் வரும்போது அப்போது இருக்கும் இடத்தில் ஒன்று தரப்படும் என்பதே பொருள். இதைச் செய்து தருவதாகப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். தனியார் கல்லறைகள் சில 'முன்னாள் படைவீரர்க்கு இலவச இடம்' என்று விளம்பரம் செய்வதுண்டு. இடம் இலவசமாக இருக்கலாம். ஆனால் குழி திறக்க, மூட, பக்கத்து இடத்தைத் துணைவருக்கு வாங்க என்று எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே மாநிலக் கல்லறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறப்பு நேர்ந்த பின்

மாநிலக் கல்லறையை நீங்களே அழைக்கலாம் என்றாலும், வழக்கமாக ஃபியூனரல் ஹோம் எனப்படும் இறுதிச் சடங்கு நிறுவனம்தான் அழைத்து நாளையும் நேரத்தையும் குறிக்கும். அவர்களிடம் முதல் பேச்சிலேயே நான்கு செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: இறந்தவர் முன்னாள் படைவீரர், எந்தப் படையில் இருந்தார், மாநிலக் கல்லறையில் அடக்கம் செய்ய விரும்புகிறோம், ராணுவ மரியாதை வேண்டும். இவற்றுள் கடைசியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். பணிவிடுப்புச் சான்று, இறப்புச் சான்று, துணைவர் தொடர்பாகத் திருமணச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கல்லறைகளில் அடக்கம் பெரும்பாலும் வார நாள்களில்தான் நடக்கும். சனி, ஞாயிறுகளிலும் மத்திய அரசு விடுமுறைகளிலும் நடப்பது அரிது. விரைவில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது சமயக் கடமையாக உள்ள முஸ்லிம் குடும்பங்கள் இதை முதல் அழைப்பிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடக்கம் செய்யும் நாள்

வருகிறவர்கள் குழியின் அருகே நிற்கப் போவதில்லை என்பதை முன்பே சொல்லி வையுங்கள்; அதை எதிர்பார்த்து வந்து மனம் உடைந்தவர்கள் இருக்கிறார்கள். வாகனங்கள் ஒரு வரிசையில் நிற்கும். ஊழியர் ஒருவர் முன்னால் சென்று அனைவரையும் தூண்களும் கூரையும் மட்டும் உள்ள திறந்த மண்டபம் ஒன்றுக்கு அழைத்துச் செல்வார். சடங்கு முழுவதும் அங்கேதான். பொதுவாக 20 முதல் 30 நிமிடங்கள்தான் கிடைக்கும். அடுத்த குடும்பம் பின்னால் காத்திருக்கும். ஆகவே நீண்ட தேவாரமும் நினைவுரைகளும் ஃபியூனரல் ஹோமிலேயே முடிந்துவிடட்டும். மண்டபத்தில் ஒரு பாடல், ஒரு பிரார்த்தனை போதும். மண்ணில் இறக்குவதை அனைவரும் கலைந்த பிறகு ஊழியர்கள் செய்வார்கள். எப்போது வந்து கல்லறையைப் பார்க்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2000 ஜனவரி 1 முதல், குடும்பம் கேட்டால் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ராணுவ மரியாதை தரப்பட வேண்டும் என்பது சட்டம். சீருடை அணிந்த இருவராவது வர வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்தவரின் சொந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கொடியை மடித்துக் கொடுப்பதும் 'டேப்ஸ்' என்னும் எக்காள இசையும் கட்டாயம். துப்பாக்கிகளால் மூன்று முறை சுடும் மரியாதை கட்டாயம் அன்று. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் தொண்டர்கள் பல இடங்களில் வந்து அதைச் செய்து தருகிறார்கள். வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். வெடியோசைக்குச் சிறு குழந்தைகளும், போரைக் கண்ட முதியவர்களும் திடுக்கிடுவார்கள் என்பதால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டேப்ஸ் இசையில் இருப்பவை 24 சுரங்கள் மட்டுமே. 1862-இல், வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த படையில், இரவு விளக்கணைக்கும் அழைப்பாக அது பிறந்தது. வாசிக்கும் கலைஞர் கிடைக்காதபோது, ஒலிப்பதிவுக் கருவி உள்ளே பொருத்திய எக்காளத்தை உதட்டருகே பிடித்து நிற்பார்கள். அந்த இசை அடங்கிய பின்தான் மண்டபம் உண்மையிலேயே அமைதியாகும். சீருடை அணிந்த இருவரும் ஒன்பதரை அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள கொடியை இறுக்கிப் பிடித்து, நீளவாக்கில் இருமுறை மடித்து, கோடுகள் உள்ள முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே வருவார்கள். 13 மடிப்புகள் முடியும்போது சிவப்பு முழுவதும் உள்ளே மறைந்து, நீலமும் விண்மீன்களும் மட்டும் வெளியே தெரியும். ஒரு விளிம்பில் துணி சற்றுப் பிதுங்கியிருந்தாலும் வெள்ளைக் கையுறை அணிந்த விரலால் அதை உள்ளே தள்ளிச் சரிசெய்வார்கள். அதற்கு எத்தனை நொடிகள் ஆனாலும் அவசரப்படுவதில்லை. பிறகு அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினர் முன் மண்டியிட்டு, நாட்டின் சார்பில் நன்றி சொல்லிக் கொடியைக் கொடுப்பார். கொடி ஒன்றுதான் கிடைக்கும். தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள். யார் வாங்கிக்கொள்வது என்பதை, குறிப்பாக இரண்டு மணங்களின் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களில், அந்த நாளுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். குடியரசுத் தலைவர் கையொப்பம் தாங்கிய நினைவுச் சான்றிதழை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் கேட்டுப் பெறலாம். கொடி கிடைக்காத பிள்ளைகளுக்கு அது ஓர் ஆறுதல்.

எரியூட்டும் குடும்பங்கள்

கல்லறை என்றாலே புதைப்பவர்களுக்கு என்று எண்ணி இந்து, பௌத்த, சீக்கியக் குடும்பங்கள் கேட்காமலே இருந்துவிடுகின்றன. அஸ்திக் கலசத்தை மண்ணில் வைக்கவும், கற்சுவரில் வரிசையாக அமைந்த அஸ்தி மாடங்களில் வைக்கவும் மாநிலக் கல்லறைகளில் இடம் உண்டு. கொடியும் எக்காளமும் அதே முறையில் கிடைக்கும். அஸ்தி முழுவதையும் ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட விரும்பினால், எங்கும் ஒரு பகுதியைக்கூட அடக்கம் செய்யாத நிலையில், உடலற்ற நினைவுக் கல் ஒன்றை அதற்கென உள்ள பகுதியில் நடச் சொல்லிக் கேட்கலாம். முழுவதையும் கரைப்பதா, ஒரு பங்கை மாடத்தில் வைப்பதா என்பதைக் கரைக்கும் முன்பே கல்லறை அலுவலகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். கரைத்த பிறகு மாடத்தைக் கேட்க இயலாது.

கல்லில் பொறிப்பது

வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்த மரபில் வந்த நமக்கு இந்தப் பகுதியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்கும் வெண்பளிங்குக் கல் 42 அங்குல உயரமும் 13 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிமனும் உடையது. எடை ஏறத்தாழ 230 பவுண்டு. தரையோடு படிந்த கல்லை மட்டும் வைக்கும் தோட்டங்களும் உண்டு. பெயர், படைப்பிரிவு, பிறந்த, இறந்த நாள்கள் ஆகியவற்றோடு பதவி, பங்கேற்ற போர், சமயச் சின்னம், இடமிருந்தால் அன்பைச் சொல்லும் ஒரு சிறு வரி ஆகியவற்றையும் சேர்க்கலாம். சிலுவையும் பிறையும் மட்டுமன்றி, ஓம், தர்மச் சக்கரம், சீக்கியரின் கண்டா ஆகியவையும் ஏற்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கின்றன. பொறிக்க அனுப்பும் வரிகளைக் குடும்பத்தில் இருவராவது எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். துணைவரின் பெயர் பெரும்பாலும் அதே கல்லின் பின்புறத்தில் பிற்பாடு பொறிக்கப்படும்.

செலவு

படைவீரருக்கான இடம், குழி திறத்தல், மூடல், கல், நிரந்தரப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொதுவாக எதுவும் வாங்குவதில்லை. இடத்துக்கான உதவித்தொகையை மத்திய அரசு மாநிலத்துக்குத் தந்துவிடுகிறது. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சில மாநிலங்கள் கட்டணம் வாங்குகின்றன. டெக்சஸ் போன்றவை வாங்குவதில்லை. ஃபியூனரல் ஹோம், சவப்பெட்டி, எரியூட்டல், உடலைக் கொண்டுசெல்லல், மலர்கள் ஆகியவை எப்போதுமே குடும்பத்தின் செலவு. அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட விஏ அடக்க உதவித்தொகை தருகிறது. படைப்பணியால் வந்த காரணத்தால் இறந்தவருக்கு 2,000 டாலர் வரை உண்டு. மற்றவர்களில் விஏ ஓய்வூதியமோ இழப்பீடோ பெற்றுவந்தவர் போன்றோருக்கு உரிய தொகை ஆண்டுதோறும் அக்டோபரில் திருத்தப்படுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் அது 978 டாலராக இருந்தது. பதிவேட்டில் உள்ள துணைவருக்கு இது விண்ணப்பமின்றியே வரக்கூடும். மற்றவர்கள் 21பி-530 வரிசைப் படிவத்தில் கேட்க வேண்டும். படைப்பணியோடு தொடர்பற்ற இறப்புக்கு இரண்டு ஆண்டுக் காலக்கெடு உண்டு.

யாரும் இல்லாதவருக்கு

உறவினர் எவரும் முன்வராத முன்னாள் படைவீரர்களையும் மாநிலக் கல்லறைகள் இதே மரியாதையோடு அடக்கம் செய்கின்றன. உரிமை கோரப்படாத உடலுக்குச் சவப்பெட்டியோ கலசமோ வாங்கிய செலவை விஏ திருப்பித் தருகிறது. ஃபியூனரல் ஹோம்களின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்ட அஸ்திக் கலசங்களைத் தேடி, அவற்றுள் படைவீரருடையவை எவை என்று கண்டறிந்து கொண்டுவரும் தொண்டர்களும் இருக்கிறார்கள். இத்தகைய அடக்கங்களை டெக்சஸில் முன்கூட்டியே பொதுமக்களுக்கு அறிவிக்கிறார்கள். 2019 ஜனவரியில் கில்லீன் கல்லறையில், வியட்நாம் போர்க் காலத்து விமானப் படை வீரர் ஒருவருக்கு யாரும் வர மாட்டார்கள் என்று அறிவிப்பு வெளியானது. அவரை அறியாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையை நிறைத்து வந்து நின்றார்கள்.

உங்கள் அருகே உள்ள மாநிலக் கல்லறையிலும் இத்தகைய அறிவிப்புகள் வருகின்றனவா என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு உறவோ சமயமோ குடியுரிமையோ தேவையில்லை. அறிவித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய் வாகன வரிசையில் சேருங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், கொடி மடித்து முடிந்து அது ஒருவர் கையில் சேரும் வரை எழுந்து நில்லுங்கள்.